ஏர்கோனை மாற்றுவதா, பழுது பார்ப்பதா? தோட்டப்புற வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஏர்கோன் பெரும்பாலும் வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் படுத்துக்கொள்கிறது. வெளியே 35 பாகை கொதிக்கும்போது அறையின் சூட்டை வெளியே தள்ள, குளிர்விக்கும் கேஸை அழுத்திச் சுழற்றும் கம்ப்ரசர் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் ஓட வேண்டியிருக்கும். தளர்ந்துபோன பாகம் எது இருந்தாலும் அந்த வாரத்தில் கையை விரித்துவிடும். அதே வாரத்தில்தான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஏர்கோன்காரர்கள் எல்லோருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. எப்படியோ ஒருவரைப் பிடித்து வரவழைத்தால், பெட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது பழசு, புதுசு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் செலவழிக்க வேண்டாம். அழுக்கேறிய ஏர்கோனைச் செத்தது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. செத்துக்கொண்டிருக்கும் ஏர்கோனுக்கு மாதாமாதம் கேஸ் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பணம்தான் போகிறது. நமக்கு அறையைச் சூடாக்கும் இயந்திரம் தேவையில்லை என்பதால், இது முழுக்க முழுக்கச் சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோனைப் பற்றிய வழிகாட்டி. வரிசையாகப் போங்கள். பாதியிலேயே விடை கிடைத்துவிட்டால் மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை.

முதல் படி: வீட்டைப் பாருங்கள்

"முன்பு போல் குளிரவில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. அது ஏர்கோனின் குறையா, அறையின் குறையா என்று முதலில் தெரிய வேண்டும். நம் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளில் தகரக் கூரைக்கும் அறைக்கும் நடுவில் மெல்லிய பலகைதான் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது. பகல் முழுக்கக் காய்ந்த தகரம் இரவு வெகுநேரம் வரை அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடிப் பட்டை அடுக்கிய பழைய ஜன்னல் எவ்வளவு இறுக்கி மூடினாலும் முழுதாக மூடாது. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி.

இப்படிப்பட்ட அறையில் புது ஏர்கோன் மாட்டினாலும் அதே புகார் திரும்ப வரும். கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளித்தாள் விரிப்பது, சீலிங் போடுவது, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது, மேற்குப் பக்க ஜன்னலுக்குத் தடித்த திரை போடுவது இவையெல்லாம் ஏர்கோனைவிட மலிவு. அறையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்றும் யோசியுங்கள். பிள்ளைகள் வந்து தங்குகிறார்களா, நடுச்சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினீர்களா, வெளிப்பெட்டிக்கு முன்னால் கூடாரம் இறக்கி அதன் காற்றை அடைத்துவிட்டீர்களா? கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சமையலறை நீட்டும்போது, வெளிப்பெட்டி அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும் ஏர்கோன் எப்படிக் குளிரும்?

இரண்டாம் படி: கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்

அழுக்கான ஏர்கோனை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போய்வரும் இடங்களில் வெளிப்பெட்டியின் பின்பக்கத் தகடுகள் சீக்கிரமே அடைத்துவிடும். உள்ளே உள்ள உருளை விசிறியில் கறுப்பாகப் பூஞ்சை படியும். வடிகுழாயில் கொழகொழவென்று பாசி பிடித்து, தண்ணீர் சுவர் வழியாக இறங்கும். தண்ணீர் ஒழுகுவதும் நாற்றமடிப்பதும் ஏர்கோனை மாற்றுவதற்குக் காரணமே இல்லை. கழுவுவதற்குத்தான் காரணம்.

சாதாரண சர்வீஸ் என்றால் வடிகட்டியையும் மேல்பகுதியையும் கழுவுவது. வருடக்கணக்கில் கை வைக்காத பெட்டிக்கு அது போதாது. உள்பெட்டியைப் பிரித்து மருந்து அடித்துக் கழுவும் கெமிக்கல் வாஷ் தேவைப்படும். வெளிப்பெட்டியையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிலர் அதன் பக்கமே போக மாட்டார்கள்.

கழுவிய பிறகு ஒரு சோதனை. மின்கருவிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று போதும். ஏர்கோனை 16 பாகையில், விசிறியை முழு வேகத்தில் வைத்து கால் மணி நேரம் ஓட விடுங்கள். மேலே காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் ஒரு அளவும், கீழே குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அப்படியும் அறை குளிரவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்புங்கள், அல்லது அறைக்குச் சிறிய ஏர்கோன் மாட்டியிருக்கிறீர்கள். வித்தியாசம் நாலைந்து பாகைதான் என்றால் உள்ளே ஏதோ கோளாறு. அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: தகட்டைப் படியுங்கள்

வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: தயாரித்த ஆண்டு, குளிர்விக்கும் திறன், கேஸ் வகை. இந்த மூன்றில் கேஸ் வகைதான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆர்22 என்று எழுதியிருந்தால் அது பழைய தலைமுறை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு என்பதால், 1987-இல் கையெழுத்தான மொன்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் முழுதும் படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. மலேசியாவில் வீட்டு அளவிலான ஆர்22 ஏர்கோன்களின் தயாரிப்பும் இறக்குமதியும் 2015 தொடக்கத்திலிருந்து நிறுத்தப்பட்டன. ஆக, உங்கள் தகட்டில் ஆர்22 இருந்தால் அந்த ஏர்கோனுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் அளவு குறைந்துகொண்டே வருகிறது. இப்படிப்பட்ட பெட்டியில் பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள். கழுவுங்கள், சின்னப் பாகம் மாற்றுங்கள், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்து வந்தது ஆர்410ஏ. இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் ஆர்32. ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆனால் அதற்கென்றே வடிவமைத்த பெட்டியில் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: ஆர்22 பெட்டியில் வேறு கேஸை நிரப்பித் தருகிறேன் என்று சொல்கிறவருக்கு. புதிய கேஸ்களின் அழுத்தம் ஆர்22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். பழைய குழாயும் கம்ப்ரசரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்று அவர் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான்காம் படி: எந்தப் பாகம் என்று கேளுங்கள்

"ஏர்கோன் கெட்டுப்போச்சு" என்பது பதில் ஆகாது. எந்தப் பாகம் கெட்டது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு மாறும்.

மலிவில் முடிவது, கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் கப்பாசிட்டர். வெளியே விசிறி சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். வீங்கியிருந்தால் கண்ணாலேயே தெரியும். பதினைந்து வயதுப் பெட்டியாக இருந்தாலும் இதை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. வெப்ப உணரி, விசிறி மோட்டார், ரிமோட் சிக்னல் வாங்கும் பகுதி இவையும் இந்த வகைதான்.

நடுத்தரச் செலவு, சர்க்யூட் பலகை. நம் ஊரில் இதன் எதிரிகள் இரண்டு. ஒன்று இடி மின்னல். பிற்பகல் மழை வரும் மாதங்களில் ஒரே அடியில் ஒரு வரிசை வீட்டுக்கே பலகை போவதுண்டு. இன்னொன்று பல்லி. சூடு தேடி வெளிப்பெட்டிக்குள் புகுந்து, பலகையின் மேல் குறுக்காகப் படுத்து, தானும் கருகி பலகையையும் கருக்கிவிடும். எறும்புப் புற்றும் அதே வேலையைச் செய்யும். சாதாரண ஏர்கோனின் பலகை விலை தாங்கும். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏர்கோனின் வெளிப்பெட்டிப் பலகை விலை கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட இன்வெர்ட்டரில் இந்தப் பலகை போனால் புதிய பெட்டியின் விலையையும் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். மாற்றுவதாக இருந்தால் பல்லி நுழைந்த ஓட்டையையும் சேர்த்து அடையுங்கள். அடைக்காமல் புதுப் பலகை போட்டு என்ன பயன்?

கம்ப்ரசர்தான் கடைசி. சுவிட்ச் போட்ட மறுகணமே பியூஸ் பெட்டியில் தட்டிவிட்டால் கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்திருக்கலாம். வயர் உரசியிருக்கவும் கூடும், அதனால் மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே கம்ப்ரசர் போயிருந்தால், உத்தரவாதம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பெட்டிக்கு ஒன்றிரண்டு ஆண்டுதான் உத்தரவாதம் என்றாலும், கம்ப்ரசருக்கு மட்டும் ஐந்து, பத்து ஆண்டு என்று தருகிற கம்பெனிகள் பல. ரசீதைத் தேடுங்கள். பீரோவில், அல்லது பூஜை அறை டிராயரில் இருக்கும். உத்தரவாதம் இருந்தால் கூலியும் கேஸும்தான் உங்கள் செலவு. இல்லையென்றால், எட்டு வயதைத் தாண்டிய ஏர்கோனுக்குப் புதுக் கம்ப்ரசர் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வேலையிலேயே புதியதன் பாதி விலை போய்விடும், மற்ற பாகங்கள் எல்லாம் அதே பழசு.

உத்தரவாதம் இருந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கைக் கேட்பார்கள், வக்கீல் தேவையில்லை.

ஐந்தாம் படி: கேஸ் எங்கே போனது?

ஏர்கோன் கேஸ், கார் எண்ணெய் போல எரிந்து தீருகிற பொருள் அல்ல. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா கேஸ் போடணும்" என்பது ஊரில் எல்லோரும் நம்புகிற பொய்.

ஆகவே கேஸ் குறைவு என்று சொன்னதும், "தம்பி, ஓட்டை எங்கேன்னு காட்டு" என்று கேளுங்கள். சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம், நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஓட்டை இருக்கும் இடத்தில்தான் விடை இருக்கிறது. குழாய் முனை நட்டு தளர்ந்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினால் போதும், ஏர்கோனுக்கு ஒன்றும் இல்லை. வெளியே ஓடும் செம்புக் குழாயில் ஓட்டை என்றால் பற்றவைக்கலாம், அல்லது குழாயை மாற்றலாம். உள்பெட்டியின் குளிர்ச்சுருளில் ஓட்டை என்றால் நிலைமை வேறு. அந்தச் செம்பு ஈரத்திலும் வீட்டு அமிலப் புகையிலும் ஊசிமுனை அளவில் அரித்துப் போகும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். முழுச் சுருளையும் மாற்ற வேண்டும், பழைய மாடல் என்றால் சுருள் கிடைப்பதும் சிரமம். பழைய ஏர்கோனில் உள்சுருள் ஒழுகினால், என்னைப் பொறுத்தவரை அங்கேயே முடிவாகிவிட்டது. மாற்றுங்கள்.

ஒரே ஆண்டில் இரண்டாம் தடவையாகக் கேஸ் போடச் சொன்னால், அந்தப் பணத்தைப் புதியதுக்கு எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: மின்சாரக் கணக்கு

"புது இன்வெர்ட்டர் மாட்டினால் பில் பாதியாகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். வீட்டு பில் முழுவதும் ஏர்கோன் பில் அல்லவே. உங்கள் ஏர்கோன் எவ்வளவு இழுக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓர் இரவு ஏர்கோன் போட்டுத் தூங்குங்கள், மறு இரவு மின்விசிறி மட்டும். படுக்கும்போதும், காலையில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற சாமான்கள் இரண்டு இரவும் ஒரே மாதிரி ஓட வேண்டும். வித்தியாசம்தான் ஏர்கோன். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மின்சார நிறுவனமான டிஎன்பியின் மைடிஎன்பி செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எடுத்துக்காட்டு. பழைய ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் எட்டு மணி நேரத்தில் 5 யூனிட் இழுக்கிறது, புதிய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் 3 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 யூனிட் மிச்சம். 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில் வீட்டு மின்சாரத்தின் அடிப்படை விலை, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு, யூனிட்டுக்கு 44.43 சென். அந்த விலையில் 60 யூனிட் என்பது ஏறக்குறைய 27 ரிங்கிட், வருடத்துக்கு 320. மாட்டுக்கூலியோடு புதியது 1,500 ரிங்கிட் ஆனால் முதல் திரும்ப நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் தினமும் போடுகிற வீட்டுக்கு. மகன் ஈப்போவிலிருந்து வரும் வாரக் கடைசியில் மட்டும் போடுகிற அறைக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. நன்றாக ஓடுகிற ஏர்கோனை மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் கழற்றாதீர்கள்.

இதில் ஒரு நெளிவு உண்டு. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கக் கழிவு, அதாவது கட்டணத்தில் தள்ளுபடி, கிடைக்கிறது. பயன்பாடு ஏற ஏற அது குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமல் போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் சேரும். உங்கள் வீடு 620, 640 என்று அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது என்றால், 60 யூனிட் குறைவது 27 ரிங்கிட்டைவிட அதிகம் மிச்சப்படுத்தும். மறுபக்கம், மாதம் 250 யூனிட்தான் ஓடுகிறது என்றால் கழிவு போக யூனிட் விலை மிகவும் குறைவு. மிச்சமும் சொற்பம்தான்.

ஏழாம் படி: வீடு யாருடையது?

எந்தக் கடையிலும் கேட்காத கேள்வி இது. தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். வேலை ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால், இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகளே இருக்கும்போது அங்கே புதியது மாட்டுவதில் லாபமில்லை. பழையதைக் குறைந்த செலவில் ஓட்டுங்கள், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய வீட்டுக்குப் போனதும் அங்கே மாட்டுங்கள். கழற்றி எடுத்துப் போகலாம்தான். கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றத் தெரிந்தவர் வேண்டும். குழாயும் இரண்டாவது மாட்டுக்கூலியும் நட்டம்.

தோட்டத்து வீட்டில் மாட்டுவதாக இருந்தால் ஆபீசில் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்லி அனுமதி வாங்குங்கள். காரணம் மின்சாரம். அந்த வீடுகளின் வயர்கள் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடப்பட்டவை. ஏர்கோனுக்குப் பியூஸ் பெட்டியிலிருந்து தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும். பதிவு பெற்ற வயர்மேனை வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். நீட்டிப்பு வயரில் செருகி ஓட்டுவது தீக்கு அழைப்பு. சுவிட்ச் முகப்பு சூடாகிறது, பிளாஸ்டிக் கருகிய வாடை வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் ஏர்கோனை நிறுத்துங்கள்.

முடிவு எடுக்கும்போது

என் கைக்கணக்கு இது. ஐந்து வயதுக்குள் என்றால் பழுது பாருங்கள், உத்தரவாதத்தைத் தேடுங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை, பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதிக்குக் கீழே என்றால் பழுது பாருங்கள். எட்டுக்கு மேல் என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் எந்தச் செலவுக்கும் யோசியுங்கள். அந்த வயதில் கம்ப்ரசர், உள்சுருள், இன்வெர்ட்டர் பலகை மூன்றில் ஒன்று போனால் ஏர்கோனையே மாற்றுங்கள். ஆர்22 பெட்டியில் கேஸ் ஒழுகினால், நட்டு தளர்ந்ததைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் மாற்றுங்கள். வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருந்தால் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் உடனே.

முடிந்தால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். கடையில் கழிவு கிடைக்கும், உண்மைதான். மாட்ட வருகிறவர் ஒரே நாளில் ஆறு வீடு ஓடுவார். மாட்டும் வேலை மோசமானால் நல்ல ஏர்கோனும் மோசம்தான்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

10 அடிக்கு 12 அடி அறைக்கு ஒரு குதிரைத்திறன், அதாவது சுமார் 9,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு), போதும். 12-க்கு 15 என்றால் ஒன்றரை. சீலிங் இல்லாத தகரக் கூரை, மேற்கு வெயில் என்றால் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். "பெருசா போடுங்க, சீக்கிரம் குளிரும்" என்பதைக் கேட்காதீர்கள். சின்ன அறையில் பெரிய ஏர்கோன் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காமல் அறை சில்லென்று, ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும்.

எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். நட்சத்திரத்தைவிட அந்த எண்ணை ஒப்பிடுங்கள். இரவு முழுக்க ஓடும் அறைக்கு இன்வெர்ட்டர். எப்போதாவது அரைமணி நேரம் ஓடும் அறைக்குச் சாதாரணமானதே போதும், பலகை போகும் பயமும் குறைவு. 2021-இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஏர்கோன்களுக்கு அரசாங்கம் சேவ் திட்டத்தில் 200 ரிங்கிட் கழிவு தந்தது. அதுபோல் ஏதாவது இப்போது நடக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய ஆர்22 குழாயில் புதிய பெட்டியை இணைக்க விடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் புதிய கேஸோடு ஒத்துப்போகாது. நம் வீடுகளில் குழாய் சுவருக்கு வெளியேதான் ஓடுகிறது, மாற்றுவது பெரிய வேலையில்லை. அப்புறம், வாக்குவம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அது உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். பம்ப் இல்லாமல் கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்றால், பம்ப் எடுத்து வரச் சொல்லிக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு கம்ப்ரசருக்குச் சில ஆண்டுகள் ஆயுள் சேர்க்கும்.

பழைய பெட்டியைப் பழைய இரும்பு லாரிக்குப் போடுவதுதான் வழக்கம். செம்பு இருப்பதால் வாங்கிக்கொள்வார்கள். குழாயை வெட்டும்போது உள்ளே இருக்கும் கேஸ் காற்றில் போகக் கூடாது. கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன் கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்கச் சொல்லுங்கள். ஓடாத பெட்டி என்றால் கேஸை உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவரிடம், அல்லது மின்கழிவு எடுக்கும் இடத்தில் முழுதாகக் கொடுங்கள்.

புதியதை மாட்டி முடித்ததும் வெளிப்பெட்டியின் நிழல்படும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியையும், குழாயின் நீளத்தையும், கூடுதலாக ஏற்றிய கேஸின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். காகிதத்தைக் கரையான் தின்றாலும் அது இருக்கும்.